ஆட்டுத் தோலா, பன்றிக் காதா, முட்டைச் சவ்வா? மருந்து ஊடுருவலைச் சோதிக்க எதை எடுப்பது

குமாரபாளையம், திருச்செங்கோடு, பெருந்துறை, கோவை என்று நம் பக்கம் பார்மசி கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. எம்.பார்ம். புராஜெக்டுக்கு ஜெல், களிம்பு, டிரான்ஸ்டெர்மல் பேட்ச் எடுப்பவர்களும் வருடா வருடம் இருக்கிறார்கள். ஃபார்முலேஷன், அதாவது மருந்துக் கலவையை உருவாக்கும் வேலை முடிந்து, ஃபிரான்ஸ் செல்லை (மேலறையிலிருந்து கீழறைக்கு மருந்து இறங்குவதை அளக்கும் கண்ணாடிக் கருவி) கழுவிக் காயவைத்த பிறகுதான் பலருக்கும் அந்தக் கேள்வி வருகிறது: மருந்து வைக்கும் டோனர் அறைக்கும் அது வந்து சேரும் ரிசெப்டர் அறைக்கும் நடுவில் எதைப் பொருத்துவது? போன வருடத்துத் தீசிஸைப் புரட்டி, அவர்கள் ஆட்டுத் தோல் எடுத்திருந்தால் இவர்களும் ஆட்டுத் தோல் என்று பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மனிதத் தோலில் மருந்து எவ்வளவு இறங்கும் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால், வெந்நீரும் தீயும் படாத வெண்பன்றிக் காது. அது கிடைக்காத ஊரில், அன்று விடியற்காலை உரித்த வெள்ளாட்டின் வயிற்றுத் தோல். ஆனால் அதை வைத்து உங்கள் ஃபார்முலேஷன்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாமே தவிர, மனிதருக்கு இவ்வளவு போகும் என்று எழுதக் கூடாது. ஜெல்லிலிருந்து மருந்து வெளியே வருகிறதா என்பது மட்டுமே கேள்வி என்றால் விலங்கே வேண்டாம், டயாலிசிஸ் சவ்வு போதும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. எந்த விலங்கு என்பதைவிட, தோல் உங்கள் கைக்கு வருமுன் அதற்கு என்னென்ன நடந்தது என்பதே அதிக வித்தியாசத்தைக் காட்டும். வெந்த பன்றிக் காதைவிட நல்ல ஆட்டுத் தோல் எவ்வளவோ மேல்.

தோல் வியாபாரியின் நல்ல தோல் வேறு

சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தோல் தொழிலில் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பு அடித்தோலின் நார் நெருக்கத்துக்குக் கிடைப்பது. பதனிடுபவர் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, முடியோடு சேர்த்து மேல்தோலையும் வழித்து எறிந்துவிடுவார். நமக்கு வேண்டியதோ அவர் எறிகிற அந்த மேல்தோல்தான். அதிலும் உச்சியில் இருக்கும் ஸ்ட்ராட்டம் கார்னியம். மனித உடலின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். தட்டையான உயிரற்ற செல்கள் அடுக்கடுக்காக இருக்க, இடைவெளிகளைச் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் அடைத்திருக்கும். மருந்தைத் தடுத்து நிறுத்துவதில் பெரும்பங்கு இந்த மெல்லிய படலத்துக்கே.

ஆகவே இந்தப் படலத்தைக் கெடுக்கும் எதுவும் தோலைத் தொட்டிருக்கக் கூடாது. கொதிநீர், வாட்டும் தீ, உப்பு, சோப்பு, ஸ்பிரிட், முடி நீக்கும் கிரீம் எல்லாம் இதில் அடக்கம். ஈரோட்டில் உப்புப் போட்டு அடுக்கிவைத்த தோல் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம். உப்பு தோலின் நீரை இழுத்துவிடும். திரும்ப ஊறவைத்தாலும் பழைய தோல் வராது. பச்சைத்தோல்தான் வேண்டும்.

பன்றிக் காது

பன்றித் தோலை உலகம் முழுக்க எடுப்பதற்குக் காரணம் அது மனிதத் தோலுக்கு நெருக்கமாக இருப்பதுதான். மேல்தோலின் தடிமன், ஸ்ட்ராட்டம் கார்னியத்தின் கொழுப்பு, முடியின் அடர்த்தி எல்லாமே கிட்டத்தட்ட ஒத்துப்போகும். முடிக்குழிகளை எண்ணிப் பார்த்த ஒரு பழைய ஒப்பீட்டில் மனித வயிற்றுத் தோலிலும் பன்றி முதுகிலும் சதுர செ.மீ.க்கு 11 வந்தது. எலி முதுகில் 289, சுண்டெலி முதுகில் 658. முடிக்குழி என்பது மருந்துக்குக் குறுக்குவழி. இந்த ஒரு வரிசையைப் பார்த்தாலே எலித் தோலில் மருந்து ஏன் அவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது பாதி விளங்கிவிடும்.

முதுகுத் தோல் தடிமனானது, அடியில் கொழுப்பும் கனமாக ஒட்டியிருக்கும். அதனால்தான் காது. காதிலும் வெளிப்பக்கம், அதாவது முதுகுப்புறம் மட்டும். உள்பக்கத்தில் மடிப்பும் மெழுகும் அதிகம். வெண்பன்றியே நல்லது. கறுப்பு நாட்டுப்பன்றியின் தோலில் மெலனின் என்ற நிறமி இருக்கும். காரத்தன்மையுள்ள மருந்துகள் பலவற்றை மெலனின் பிடித்துவைத்துக்கொள்ளும். ரிசெப்டரில் அளவு குறைந்து தெரியும்.

சிக்கல் கறிக்கடையில் தொடங்குகிறது. பன்றியை ஆட்டைப்போலத் தோலுரிப்பதில்லை. வெந்நீர் ஊற்றி முடியை வழிப்பார்கள், மிச்ச முடியைத் தீயில் வாட்டுவார்கள். ஆய்வகத்தில் மேல்தோலை அடித்தோலிலிருந்து கழற்றவே 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு நிமிடம் போதும். கடையில் அதைவிடச் சூடான நீரில் அதைவிட அதிக நேரம் நனைத்து, மேலே கத்தியால் வழித்தும்விடுகிறார்கள். வெள்ளை வெளேரென்று முடியில்லாமல் சுத்தமாக இருக்கும் அந்தக் காதைப் பார்த்து மகிழ்ந்து வாங்கி வருபவர், தடுப்புப் படலமே இல்லாத ஒரு தோலை வாங்கி வருகிறார். மருந்து முதல் மணி நேரத்திலேயே கொட்டுகிறது. ஃபார்முலேஷன் அபாரம் என்று தீசிஸில் ஏறிவிடுகிறது.

எனவே முந்தின நாளே போய்ச் சொல்லி வைக்க வேண்டும். ஆய்வு, ஊடுருவல் என்றெல்லாம் விளக்க வேண்டியதில்லை. "அண்ணா, நாளைக்கு ரெண்டு பன்னியோட காது வேணுங்க. சுடுதண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே அறுத்து எடுத்து வெச்சிருங்க. முடியோடயே இருக்கட்டுங்க, வாட்டிர வேண்டாங்க." இவ்வளவு போதும். நேரில் நின்று வாங்குவது இன்னும் நல்லது. நிற்க முடியாதபோது வந்த காதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. முடி முனை சுருண்டிருந்தால் தீ பட்டிருக்கிறது, முகர்ந்தாலே தெரியும். முடியைப் பிடித்து இழுத்தால் சிரமமில்லாமல் வருகிறதா, நகத்தால் அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தோல் வழுக்கிக் கழல்கிறதா? வெந்நீர் பட்டுவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

காதை பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகத் தோலில் படக் கூடாது. கல்லூரி வந்ததும் குளிர்ந்த குழாய் நீரில் ரத்தத்தைக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். முடியைக் கத்தரிக்கோலாலோ டிரிம்மராலோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். ரேசர் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு காதின் அடிப்பக்கத்தில் ஸ்கால்பெல்லால் கீறி, கத்தியின் முகம் குருத்தெலும்பை நோக்கி இருக்கும்படி சாய்த்து, தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவியுங்கள். அவசரப்பட்டால் இந்த இடத்தில்தான் ஓட்டை விழும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் ஓட்டையும் கீறலும் பளிச்சென்று தெரியும். 15 மி.மீ. வாயுள்ள செல்லுக்கு 25 மி.மீ. வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். பெரிய ரத்தக்குழாய் ஓடும் இடத்தையும் கடிபட்ட தழும்பையும் தவிர்த்தால், ஒரு காதில் நாலைந்து வட்டம் தேறும்.

தடிமன் ஒரு தனிப் பிரச்சினை. உயிருள்ள உடம்பில், மருந்து மேல்தோலைக் கடந்ததும் அடித்தோலின் மேற்பகுதியிலேயே ரத்தக்குழாய் அதை வாரிக்கொண்டு போய்விடும். செல்லில் ரத்த ஓட்டம் கிடையாது. முழுத் தடிமன் தோலைப் பொருத்தினால், கொழுப்பில் கரையும் மருந்து நீர் நிறைந்த அடித்தோலைத் தாண்ட முடியாமல் அங்கேயே தங்கிவிடும். தோலை மெல்லிசாகச் சீவும் டெர்மடோம் கருவி இருந்தால் 200 முதல் 400 மைக்ரோமீட்டருக்குச் சீவிக்கொள்ளலாம். தோல் ஊடுருவல் சோதனைக்கு ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு 2004இல் வெளியிட்ட 428ஆம் வழிகாட்டியும் அதையொட்டிய அறிவுரையும் சொல்வது இதையே. நம் கல்லூரிகளில் டெர்மடோம் அரிது. மாற்று, அந்த 60 பாகை வெந்நீர் முறையே: ஒரு நிமிடம் மூழ்கவைத்து, தோலை அட்டையில் விரித்து, மழுங்கிய ஃபோர்செப்ஸால் மேல்தோலை ஓரத்திலிருந்து உரித்து, நீரில் மிதக்கவிட்டு எடுக்க வேண்டும். கடைக்காரர் செய்ததையே நாமும் செய்கிறோமே என்று தோன்றலாம். இங்கே நேரம் கணக்காக இருக்கிறது, கத்தி போட்டு வழிப்பதில்லை, பிரிந்த படலத்தையே நாம் வைத்துக்கொள்கிறோம். டைக்ளோஃபெனாக் சோடியம், காஃபீன் போன்று நீரில் கரைபவற்றுக்கு, கொழுப்பை நீக்கிய முழுத் தோலே பரவாயில்லை.

பன்றியைத் தொடுவதற்கு மனம் ஒப்பாத மாணவர்களும் உதவியாளர்களும் இருப்பார்கள். அதை அவமதிக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே கேட்டு, ஆட்டுத் தோலுக்கோ செயற்கைச் சவ்வுக்கோ திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

வெள்ளாடு

ஆட்டுத் தோலின் பெரிய பலம், அது எந்த ஊரிலும் எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைக்கும் என்பதே. ஆட்டை உரிப்பதுதான் வழக்கம் என்பதால் உடம்புத் தோலில் வெந்நீர் படாது. இந்த ஒரு விஷயத்தில் ஆடு பன்றியை முந்திவிடுகிறது. ஆனால் காது எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தலைக்கறிக்காகத் தலையைத் தீயில் வாட்டித்தான் விற்பார்கள்; காதும் அதோடு வெந்திருக்கும்.

வயிற்றுப் பக்கத் தோலே எடுக்கத்தக்கது. அங்கே முடி குறைவு, தோலும் மெல்லியது. கடைக்காரர் நடுவில் துண்டு வெட்டித் தர யோசிப்பார், ஓட்டை விழுந்த தோலுக்கு மண்டியில் விலை கிடையாது. முழுத் தோலையும் விலை பேசி வாங்கிவிடுவது பேச்சைக் குறைக்கும். உரித்ததும் தோலைத் தரையில் எறிந்து உப்பு தூவும் பழக்கம் உள்ள இடமென்றால், அதற்கு முன்பே பையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பலவீனங்களும் கணிசமானவை. வெள்ளாட்டின் முடிக்குழிகள் நெருக்கமானவை. பெரிய குழிகளைச் சுற்றிச் சின்னக் குழிகள் கூட்டமாக இருக்கும். வெந்நீரில் மேல்தோலைப் பிரித்தால் முடியும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து படலம் சல்லடையாகிவிடும். ஆகவே ஆட்டுத் தோலுக்கு வெந்நீர் முறை ஒத்துவராது, முழுத் தடிமனாகவே பொருத்தியாக வேண்டும். சேலம் கருப்பு ஆடு போல உடம்பெல்லாம் கறுத்த இனத்தில் மெலனின் பிரச்சினையும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளை அல்லது வெளிர் தோல் உள்ள ஆடாகப் பார்த்து எடுப்பது நல்லது. வயது, கிடாயா பெட்டையா, மேய்ச்சலில் முள் கிழித்த வடு, உண்ணி கடித்த புள்ளி என்று ஆட்டுக்கு ஆடு வித்தியாசம் வரும்.

ஆட்டுத் தோலை மனிதத் தோலோடு அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்ட தரவு பன்றியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்கப்போவதும் இதைத்தான். இதற்கு நேர்மையான விடை ஒன்றே: சந்தையில் உள்ள ஒரு ஜெல்லையும் உங்கள் ஜெல்லையும் ஒரே ஆட்டின் தோலில், ஒரே நாளில் ஓட்டி, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் காட்டுவது. தனி எண்ணுக்கு அங்கே மதிப்பு குறைவு.

வாய்க்குள் ஒட்டும் பேட்ச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டின் கன்னத்து உட்சவ்வு முள்ளும் தீவனமும் மெல்லுவதற்கேற்ப மேலே கெட்டிப்பட்டது. மனிதக் கன்னத்து உட்சவ்வு அப்படிக் கெட்டிப்படாதது, பன்றிக்கும் அப்படியே. அங்கே ஆட்டுக்கும் பன்றிக்கும் ஒப்பீடே கிடையாது.

எலி

ஆய்வகங்களில் வளர்க்கும் விஸ்டார் இன எலியின் வயிற்றுத் தோல் பொருத்துவதற்கு மிகச் சுலபம். மெல்லியது, ஒரே சீரானது, வயதும் எடையும் தெரிந்தது. முடிவுகளின் சிதறலும் குறைவாக இருக்கும். அந்தச் சீர்மை ஆளை மயக்கும், ஏனென்றால் மனிதத் தோலைவிட எலித் தோல் மருந்தை அதிகமாகவே விடும். மருந்துக்கு மருந்து அந்த மடங்கும் மாறும் என்பதால் ஒரு எண்ணால் வகுத்துச் சரிசெய்யவும் முடியாது.

இதற்காக எலியைக் கொல்வதென்றால் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள்படி கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி கட்டாயம். அதே இன எலிகளில் பிறகு வீக்கக் குறைப்புச் சோதனை, ரத்த அளவுச் சோதனை எல்லாம் செய்யப்போகிறீர்கள் என்றால் எலித் தோலுக்கு நியாயம் உண்டு. செல்லில் கண்டதையும் உடம்பில் கண்டதையும் பொருத்திப் பார்க்கலாம். வேறு துறையின் அனுமதி பெற்ற ஆய்வு முடிந்து கழிவாகும் எலியின் தோலைக் குழுவிடம் தெரிவித்துக் கேட்டு வாங்குவதும் ஒரு வழி. அந்த எலிக்குத் தோலைப் பாதிக்கும் மருந்து ஏதும் கொடுக்கப்படவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கறிக்கடைத் தோலுக்குக்கூடக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதி, எங்கிருந்து வாங்கினோம் என்ற கடைக்காரரின் கையொப்பத்தோடு கோப்பில் வைத்துவிடுவது பின்னால் தலைவலியைத் தவிர்க்கும்.

எலி ஆய்வுகளில் முடியைக் களைய முடி நீக்கும் கிரீம் தடவும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அந்தக் கிரீமில் உள்ள தயோகிளைகோலேட் கடும் காரத்தில் கெரட்டினை உடைத்துத்தான் முடியைக் கரைக்கிறது. ஸ்ட்ராட்டம் கார்னியமும் கெரட்டின்தான்.

நாமக்கல் முட்டையும் செயற்கைச் சவ்வும்

முட்டை ஓட்டுச் சவ்வு நம் பகுதிக்கு மிக வசதி. முட்டையின் ஒரு முனையில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை வடித்துவிட்டு, நீரில் கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஓடு கரையும்வரை வைத்தால் சவ்வு முழுசாகக் கிடைக்கும். குமிழி நின்றதும் எடுத்து, அமிலம் போகும்வரை நன்றாகக் கழுவி, பஃபரில் (அமில-காரத்தன்மை மாறாமல் நிற்கும் கரைசல்) வைக்க வேண்டும். அமிலத்தில் ராத்திரி முழுக்க மறந்து விட்டால் சவ்வு இளகிக் கிழியும்.

இந்தச் சவ்வு புரத நார்கள் பின்னிக்கிடக்கும் ஒரு வலை. நாருக்கு நார் நடுவே திறந்த வெளி. தோலின் கொழுப்பு அடுக்கு இதில் கிடையாது. இதில் கிடைக்கும் எண்ணை "ஊடுருவல்" என்று எழுதுவது தவறு. மாணவர்களுக்கு ஃபிரான்ஸ் செல்லைக் கையாளப் பழக்க, காற்றுக்குமிழி இல்லாமல் பொருத்தக் கற்றுக்கொடுக்க இதைவிட மலிவானது இல்லை. தோலை வீணாக்குவதற்கு முன் இருபது முட்டையில் கை பழகட்டும்.

மருந்து வெளியேற்றத்துக்கு டயாலிசிஸ் சவ்வோ செல்லுலோஸ் அசிடேட் சவ்வோ போதும். டயாலிசிஸ் சவ்வில் காயாமல் இருக்கக் கிளிசரின் பூசியிருப்பார்கள். ஓடும் நீரில் கழுவி, பஃபரில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். மெர்க் நிறுவனத்தின் ஸ்ட்ராட்-எம் என்ற செயற்கைச் சவ்வு இன்னொரு ரகம். பல அடுக்கு பாலிமரில் செயற்கைக் கொழுப்பை ஏற்றித் தோலைப்போல நடக்கச் செய்தது. ஊறவைக்க வேண்டாம், குளிர்ப்பெட்டி வேண்டாம், ஒரு வட்டத்துக்கும் இன்னொரு வட்டத்துக்கும் வித்தியாசம் குறைவு. விலைதான் இடிக்கும். பத்துப் பன்னிரண்டு ஃபார்முலேஷனிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் அது தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். என்சைம், முடிக்குழி இரண்டும் அதில் கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. பிராய்லர் கோழித் தோல் எங்கும் கிடைக்கும், ஆனால் இறகுக்குழி ஒவ்வொன்றும் ஒரு கிணறு, வேண்டாம். பாம்புச் சட்டையில் முடிக்குழியே கிடையாது, தடுப்பும் நல்லது, வெளிநாட்டு ஆய்வுகளில் வருகிறது. இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வனத்துறையிடம் எழுத்தில் கேட்காமல் தோட்டத்தில் கிடந்ததை எடுத்துவந்து ஆய்வு செய்ய வேண்டாம். மனிதத் தோல், அறுவைச் சிகிச்சையில் நீக்கிய வயிற்றுத் தோலாகக் கிடைக்கும். நோயாளியின் ஒப்புதலும் மனித ஆய்வு நெறிமுறைக் குழு அனுமதியும் வேண்டும். ஒழுங்குமுறை அமைப்புக்குச் சமர்ப்பிக்கும் தரவுக்கு அதுதான் அளவுகோல். ஆறு மாத புராஜெக்டுக்குள் அடங்குவது கடினம்.

எதை எடுத்தாலும் கெடுவது இங்கேதான்

சித்திரை வெயிலில் ஈரோட்டில் அறை வெப்பம் 38 பாகையைத் தாண்டும். தோலின் மேற்பரப்பு 32 பாகையில், ஒரு பாகை கூடக் குறைய, இருக்க வேண்டும். நம் வாட்டர் பாத்தில் ஹீட்டர் மட்டும்தான் உண்டு, குளிரூட்டி கிடையாது. அறையே 36 என்றால் ஹீட்டர் அணைந்தே கிடக்கும், செல்லும் 36இல்தான் ஓடும். காலையில் ஓட்டிய செல்லும் மதியம் ஓட்டிய செல்லும் ஒத்துப்போகவில்லை என்றால் ஃபார்முலேஷனைச் சந்தேகிக்கும் முன் வெப்பமானியைப் பாருங்கள். அறையை ஏசி போட்டு 25இல் வைத்துவிட்டு அதன் பிறகு ஹீட்டரைத் திருப்ப வேண்டும். பாத்தின் திரையில் தெரியும் எண்ணை நம்பாமல், ஒரு செல்லின் தோல் மீதே அளந்து பார்ப்பது நல்லது. செல்லைச் சுற்றி நீர் ஓடும் ஜாக்கெட்டுக்குள் போர்வெல் தண்ணீர் விட்டால் சில மாதத்தில் உப்புப் படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். வடிநீரே விடுங்கள். இருபத்து நான்கு மணி நேரம் ஓடும் சோதனைக்கு யூபிஎஸ்ஸில் ஸ்டிரரும் பாத்தும் சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது, கரைசல் உறிஞ்சும் ஒளியை வைத்து மருந்தை அளக்கும் யூவி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர். மருந்தை மற்றவற்றிலிருந்து பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் நேரம் கிடைக்காமல் பலரும் இதிலேயே அளந்துவிடுகிறார்கள். தோலிலிருந்து புரதமும் மற்றவையும் பஃபருக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அவை 260, 280 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும். டைக்ளோஃபெனாக்கை அளப்பது 276இல். ஒரு மாதிரிக் கணக்கு: உங்கள் அளவீட்டுக் கோட்டில் ஒரு மி.லி.க்கு ஒரு மைக்ரோகிராமுக்கு உறிஞ்சல் 0.03 என்று வைத்துக்கொள்வோம். மருந்தே போடாத தோல் செல் 0.12 காட்டினால், அது மி.லி.க்கு 4 மைக்ரோகிராம் டைக்ளோஃபெனாக் போல வேடம் போடும். ரிசெப்டர் 7 மி.லி., பரப்பு 1.77 சதுர செ.மீ. என்றால், சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 16 மைக்ரோகிராம் பொய் மருந்து. மருந்தில்லாத வெறும் ஜெல் பூசிய தோல் செல் ஒன்றாவது, அதே விலங்கின் தோலில், ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்க வேண்டும். தோலைப் பொருத்தி ஒரு மணி நேரம் பஃபரில் விட்டு, அந்தப் பஃபரை முழுக்க மாற்றிவிட்டு மருந்தைப் பூசினால் கசிவின் பெரும்பகுதி முதலிலேயே கழிந்துவிடும்.

கணக்கிலும் ஒரு சறுக்கல் வழக்கம். ஒவ்வொரு முறையும் 0.5 மி.லி. எடுத்துப் புதுப் பஃபர் 0.5 மி.லி. விடுகிறோம்; எடுத்ததோடு மருந்தும் போய்விட்டது. மி.லி.க்கு முதல் மாதிரி 2, இரண்டாவது 4 மைக்ரோகிராம் என்றால், இரண்டாவது நேரத்தில் கடந்த மொத்தம் 4 பெருக்கல் 7, அதோடு 2 பெருக்கல் 0.5, ஆக 29, அதை 1.77ஆல் வகுத்தால் 16.4. அந்த ஒன்றைக் கூட்டாமல் விட்டால் முதலில் வித்தியாசம் சின்னதாகத் தெரியும். பத்து மாதிரிக்குப் பிறகு கோடே வளைந்துவிடும். ஃப்ளக்ஸ், அதாவது மருந்து தோலைக் கடக்கும் வேகம், குறைவது போலத் தோன்றும்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினை வைத்து ஜெல் எடுப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தோலைவிடப் பஃபர்தான் பகை. குர்குமின் நீரில் கிட்டத்தட்டக் கரையாது. நடுநிலைப் பஃபரில், 37 பாகையில், அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் சிதைந்தும்விடும். பிஎச் 7.4 பஃபரை ரிசெப்டரில் ஊற்றிவிட்டு, எட்டு மணி நேரம் கழித்து எதுவும் தெரியவில்லை, ஆட்டுத் தோல் விடவில்லை என்று எழுதுவது வீண்பழி. சற்று அமிலத்தன்மையுள்ள பஃபர், கரைக்க பாலிசார்பேட் அல்லது கொஞ்சம் எத்தனால், நிறக் கண்ணாடி அல்லது அலுமினியத் தாள் சுற்றிய செல் வேண்டும். எத்தனால் கூடினால் அடியிலிருந்தே தோலின் கொழுப்பைக் கரைக்கும் என்பதால், எவ்வளவு போட்டாலும் வெறும் செல்லிலும் அதே அளவு போட வேண்டும். எந்த மருந்தானாலும் ரிசெப்டரில் சேரும் அளவு அதன் கரைதிறனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது.

கொழுப்பைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்று பழைய தீசிஸ்கள் பலவற்றில் இருக்கும். அடிப்பக்கம் மட்டும் துடைத்தாலும் ஓரம் வழியாக மேலே ஏறி, காக்க வேண்டிய கொழுப்பைக் கரைக்கும். கத்தரிக்கோலும் பொறுமையும் போதும்.

தோலை அலுமினியத் தாளில் தட்டையாகச் சுற்றி, காற்றில்லாப் பையில் மைனஸ் 20 பாகையில் சில வாரங்கள் வைக்கலாம். ஒரே ஒரு முறை உருக்க வேண்டும். உருக்கியதை மீண்டும் உறையவைக்கக் கூடாது. தானே பனி உருக்கும் வீட்டுக் குளிர்ப்பெட்டி தினமும் சூடாகி ஆறும், மின்தடையும் அதையே செய்யும். உறைந்த தோலில் என்சைம்கள் பெரும்பாலும் செத்துவிடும். மெத்தில் சாலிசிலேட் போல தோலிலேயே உடைபடும் எஸ்டர்களுக்குப் புதுத் தோலே வேண்டும். ஃபார்மலினில் போட்ட தோலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நீண்ட ஓட்டத்தில் தோல் அழுகாமல் இருக்க சோடியம் அசைடு சேர்ப்பவர்கள் கவனிக்க: அது விஷம். அமிலம் பட்டால் நச்சு வாயு வரும். செம்பு, ஈயக் குழாயில் ஊற்றினால் வெடிக்கும் உப்பாகப் படியும். சிங்கில் கொட்டாமல் தனிப் புட்டியில் சேருங்கள்.

தோல் ஓட்டையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க மின்தடை அளப்பது நல்ல வழி. அதற்கு மாறுமின்னோட்டத்தில் அளக்கும் எல்சிஆர் மீட்டர் வேண்டும். சாதாரண மல்டிமீட்டரின் நேர்மின்னோட்டத்தில் எண் நிலைக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டர் இல்லாதவர்கள் டோனரில் பஃபர் விட்டு அரை மணி நேரம் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, ஓட்டம் முடிந்ததும் மெத்திலீன் புளூ சில துளி விட்டு அடிப்பக்கம் நீலப் புள்ளி தெரிகிறதா என்று பார்க்கலாம். புள்ளி தெரிந்த செல்லை அந்தக் காரணத்தோடு தீசிஸில் காட்டி நீக்க வேண்டும். எண் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கக் கூடாது.

எத்தனை வேண்டும், எப்போது வாங்குவது

ஒரு ஃபார்முலேஷனுக்கு நான்கு செல்லுக்குக் குறையக் கூடாது. நான்கும் ஒரே காதிலிருந்து வந்தால் அது ஒரே பன்றியின் கதை. மூன்று விலங்குகளிலிருந்து பிரித்துப் போடுவதே சரி. உங்கள் ஜெல், சந்தை ஜெல், வெறும் ஜெல் என்று மூன்று வைத்தால், முதலிரண்டுக்கு விலங்குக்கு இரண்டு செல், வெறும் ஜெல்லுக்கு ஒன்று, ஆக விலங்குக்கு ஐந்து வட்டம். கிழிந்தது, ஒழுகியது போக வேண்டுமென்றால் ஏழெட்டு வெட்டி வைக்க வேண்டும்; ஒரு பன்றியின் இரண்டு காதுமே தேவைப்படும். தோல் முடிவுகளில் 30, 40 சதவீதச் சிதறல் சாதாரணம். அதைப் பார்த்துப் பயந்து எண்ணைத் திருத்த வேண்டியதில்லை. மிக அழகாக ஒத்துப்போகும் தோல் தரவைப் பார்த்தால்தான் தேர்வாளருக்குச் சந்தேகம் வரும்.

நாள் பார்ப்பதும் திட்டத்தில் சேர்ந்ததே. ஞாயிறு விடியலில் வாங்கி அன்றே வெட்டிப் பொருத்தினால் திங்கள் காலை 24 மணி நேரம் முடியும். புரட்டாசியில் பல வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள். அறுப்பு குறையும், சின்ன ஊர்களில் பன்றிக் கடை திறக்காமலும் போகும். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் ஆகிய நாட்களில் கறிக்கடைகளுக்கு விடுமுறை. எச்பிஎல்சி நேரத்தைப் பதிவு செய்யும் முன் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையுறை இல்லாமல் வெட்ட வேண்டாம். ஆட்டிலிருந்து புரூசெல்லா, பன்றியிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று கையில் உள்ள சிறு வெட்டு வழியே வரக்கூடியவை உண்டு. மிச்சத் தோலும் குருத்தெலும்பும் 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகள்படி மஞ்சள் பைக்குள் போக வேண்டும், விடுதிக்குப் பின்னால் உள்ள நாய்களுக்கு அல்ல.

தீசிஸின் செய்முறைப் பகுதியில் "பன்றிக் காதுத் தோல் பயன்படுத்தப்பட்டது" என்று ஒரே வரியில் நிறுத்திவிடுகிறார்கள். இனம், தோராயமான வயது, வெந்நீருக்கு முன் வெட்டியதா, வெட்டியதிலிருந்து பொருத்தும்வரை எத்தனை மணி நேரம், முழுத் தடிமனா மேல்தோலா, மைக்ரோமீட்டரில் அளந்த தடிமன், உறையவைத்தது எத்தனை நாள், எத்தனை விலங்கு எத்தனை செல், எத்தனை செல்லை ஏன் நீக்கினோம் என்று அரைப் பக்கம் ஆகும். அடுத்த வருடம் உங்கள் தீசிஸைப் புரட்டப்போகிறவருக்கு வேண்டியது அந்த அரைப் பக்கம்தான்.